நாளைக்கு முப்பது பேர் வேண்டும்

முகூர்த்தத் தேதி பல மாதங்களுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. மண்டபமும் அப்போதே பதிவாகிவிடுகிறது. பந்தியில் பரிமாற எத்தனை பேர் தேவை என்பது மட்டும் முதல்நாள் மாலை வரவேற்புக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. அறுநூறு இலை என்று பேசியது எண்ணூறாகும். வருவதாகச் சொன்ன பையன்களில் நாலைந்து பேர் வேறு மண்டபத்துக்குப் போயிருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கேட்டரிங்காரர் ஆள் தேடத் தொடங்குவார்.

லண்டனில் விருந்துக்கூடம் நடத்துபவருக்கும் இதே நெருக்கடி உண்டு. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விருந்துகள், ஜூனில் ஐந்து நாள் ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயம், அடுத்து விம்பிள்டன். சாயங்கால விருந்துக்கு ஒப்புக்கொண்ட மூவர் மத்தியானம் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினால் அங்கும் ஃபோனைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு ஊரிலும் பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுகிறது. எப்படிக் கிடைக்கிறது, ஏதேனும் தவறிப்போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

நம் ஊரில் ஆள் தட்டுப்பாட்டைக் கூட்டுவது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். எனவே தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் ஊரிலுள்ள மண்டபங்கள் எல்லாம் ஒரே காலையில் நிறைகின்றன. அன்று ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பவர், தொழிலில் ‘ஆள் விடுபவர்’ என்று அறியப்படும் ஒருவர். அவர் கைபேசியில் கல்லூரிப் பையன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, காய் நறுக்கும், பாத்திரம் விளக்கும் பெண்களுக்கு ஒன்று, பழகிய பரிமாறுபவர்களுக்கு ஒன்று என்று இருக்கும். “காலை நாலரைக்கு மண்டபம். கறுப்பு பேன்ட், ஷூ. சட்டை அங்கே தருவோம். பஸ் காசு உண்டு.” அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவியும்.

இந்த வேகத்துக்குக் காரணம் கைபேசி மட்டுமல்ல. சாம்பார் வாளியை யாரிடம் கொடுக்கலாம், சம்பந்தி வீட்டார் உட்காரும் வரிசைக்கு யாரை விடலாம், யார் இரண்டாம் பந்தியிலேயே களைத்துப்போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுப் பையனுக்கு முதலில் தண்ணீர், பிறகு அப்பளம். சோறும் குழம்பும் கை பழகிய பிறகுதான். வருபவர்கள் ஒரு குழுவாக வருகிறார்கள், அவர்களுக்குள் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எந்த மண்டபத்தில் கொண்டுபோய் விட்டாலும் கால் மணி நேரத்தில் பந்தி ஓடத் தொடங்குவது இதனால்தான். இந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். யாரும் பாடத்திட்டம் எழுதாமல் தோளோடு தோள் நின்று கற்றுக்கொடுத்த வேலை இது.

லண்டனில் இந்த நெருக்கம் இல்லை. ஏஜென்சி அனுப்பும் எட்டுப் பேர் ஒருவரையொருவர் அன்றுதான் பார்ப்பார்கள். எந்த மேசை எங்கே என்று பதினைந்து நிமிட விளக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே வேகம் வருவது முன்கூட்டியே முடித்துவைத்த பதிவிலிருந்து. பிரிட்டனில் வேலை செய்ய உரிமை உண்டா என்று வேலைக்கு எடுக்கும் முன்பே ஆவணம் பார்த்தாக வேண்டும். அதைச் சரிபார்க்காமல், உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் 2024 பிப்ரவரி முதல், முதல் தவறுக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். உணவுச் சுகாதாரப் பயிற்சிச் சான்றிதழையும் பல ஏஜென்சிகள் கேட்டு வாங்கிவைக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பு வரும்போது பட்டியலில் பெயரைத் தொட்டால் போதும்.

அங்கே உள்ளவற்றில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது கூலி பற்றிய விதி. வேலை தேடி வருபவரிடம் வேலை பிடித்துக் கொடுப்பதற்காகக் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விருந்து நடத்தியவர் பணம் தரவில்லை என்று காரணம் சொல்லி ஏஜென்சி கூலியை நிறுத்திவைக்கக் கூடாது என்கின்றன 2003ஆம் ஆண்டு விதிகள். சம்பளத்தோடு கூடிய விடுப்பும் முதல் மணி நேரத்திலிருந்தே, உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் என்று சேர்கிறது. ஆனால் நிரந்தர ஊழியருக்கு இணையான சம்பளம், ஒரே இடத்தில் ஒரே வேலையை 12 வாரம் பார்த்த பிறகுதான். இன்று ஒரு ஹோட்டல், நாளை ஒரு மைதானம் என்று அலைபவர் அந்த 12 வாரத்தை எட்டுவதே இல்லை. அவசரத்துக்கு அழைக்கப்படுபவரை அங்கும் சட்டம் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

இங்கே அந்தப் பாதி வழிகூடக் கிடையாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம் தர வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அது 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு. விட்டுவிட்டு நடக்கும் வேலைகளுக்கு விலக்கும் வைத்திருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 50. பெண் வீட்டார் நிறுவனம் அல்ல. கல்யாணம் முடிந்து கணக்குப் பார்க்கையில் இலைக் கணக்கில் தகராறு வந்தால், அவர்கள் கேட்டரிங்காரரிடம் பிடித்துக்கொள்வார்கள், அவர் ஆள் விடுபவரிடம். அது கடைசியில் வந்து நிற்பது பாத்திரம் விளக்கிய அம்மாவிடம். எதையும் எழுதி வாங்காத அவர் எதைக் காட்டிக் கேட்பார்?

கோவையிலோ மதுரையிலோ படிக்கும்போது பந்திக்குப் போன பையன், மேற்படிப்புக்குப் போன லண்டனில் வார இறுதியில் வெள்ளைச் சட்டை போட்டு விருந்துக்கூடத்தில் நிற்கலாம். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வேலை அவனுக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது ஒவ்வொரு மணி நேரமும் பதிவாகிக் கைக்கு வரும் சம்பளச் சீட்டு.

ஆள் விடுபவரை ஒழித்துவிட்டு ஏஜென்சியைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஆளை அறிந்து அனுப்புவதற்கு ஈடாக எந்தச் செயலியும் இல்லை. ஆனால் அவர் குழுவில் இருக்கும் பெயர்களையே ஒரு பதிவேடாக்கலாம்: யார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது கிளம்பினார், எவ்வளவு பெற்றார். உணவைக் கையாளுபவர்களுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழும் அதே பதிவேட்டில் சேரட்டும். கல்யாண வீட்டாரிடம் போடும் கணக்கிலும் இலை விலைக்குள் கூலியைக் கரைக்காமல் பரிமாறுவதற்கும் பாத்திரம் விளக்குவதற்கும் தனித் தொகை எழுதி, அதை முன்பணமாகவே வாங்கிவிடலாம். அப்படி வாங்கிய பணம், இலைக் கணக்கு எப்போது தீர்ந்தாலும், கடைசிப் பந்தி முடிந்த அன்றே கைக்குப் போய்ச் சேரும்.