நினைவைப் புறத்தே வைத்த கருவி

கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கணிக்கும் உறுப்பின் வளர்ச்சியையே எழுதுகின்றனர். அவ்வுறுப்பு தன் தொழிலை எங்கிருந்து அறிந்துகொள்கின்றது என்னும் வினா அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகின்றது. நிரற்படுத்தத்தக்க தருக்கச் சாதனங்களைப் பொறுத்தவரை இவ்வினாவே தலையாயது. இவற்றுட் பெரும்பாலானவை மின் நின்றதும் தம்மை முற்றாக மறந்துவிடுவன. மின் மீண்டதும் அருகிலிருக்கும் ஒரு சிறு நினைவகத்தைப் படித்தே தாம் யாதென அறிவன.

மின் நிற்பதென்றால் என்னவென்று ஓமந்தைக்கு வடக்கே வாழ்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. துவிச்சக்கர வண்டியின் மிதியைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். சுழற்சி ஓய்ந்தால் வானொலி ஓயும். மீண்டும் சுழற்றினால் அதே வானொலி பேசும். அதன் சுற்று ஈயத்தாற் பற்றவைக்கப்பட்டது. மறப்பதற்கு அதனிடம் எதுவுமில்லை. நாம் ஈண்டுப் பேசும் சாதனத்தை அவ்வாறு நிறுத்தி மீட்டால், வெளி நினைவகம் இல்லாதவிடத்து, வெறுஞ் சிலிக்கன் துண்டே எஞ்சும்.

இத்தகைய மறதியை ஒருவர் ஏன் விரும்பி ஏற்றார்? 1978 இல் வெளிவந்த முந்திய வகைச் சாதனங்களில், வேண்டாத இணைப்புகளின் உருகிகளை எரித்தே சுற்று அமைக்கப்பட்டது. எரித்தது எரித்ததுதான், பிழை நேர்ந்தால் துண்டு குப்பைக்குப் போகும். 1984 இல் கலிபோர்னியாவில் சைலிங்ஸ் கொம்பனியை நிறுவிய மூவருள் ஒருவரான ரொஸ் பிரீமன், உருகிக்குப் பதிலாக நினைவுக் கலங்களை வைத்தார். இதற்குத் திரான்சிற்றர்கள் மிகுதியாக வேண்டும். அவற்றின் விலை வீழ்ந்துகொண்டே போகும், ஆகவே தாராளமாய்ச் செலவிடலாம் என்பது அவர் கணிப்பு. 1985 இல் வந்த எக்ஸ்.சி. 2064 என்னும் முதற் சாதனத்தில் 64 தருக்கத் தொகுதிகளும் ஏறத்தாழ 85,000 திரான்சிற்றர்களும் இருந்தன. 1989 இல் மறைந்த பிரீமன் தம் கணிப்பின் முழு வெற்றியைக் காணவில்லை. (தருக்கச் சுற்றின் அடிப்படை உறுப்புக்கு ஈழத்துக் கலைச்சொல்லாக்குநர் வளவு வாயிலில் நிற்கும் 'படலை'யின் பெயரையே இட்டனர். திறப்பதும் மறிப்பதும் அதன் தொழிலாதலின் இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது.)

அம்முதற் சாதனத்தை அமைக்க ஏறத்தாழ 12,000 பிட்கள் போதுமாயின. அவற்றைச் சுமந்த தொடக்ககால நினைவகங்களுள் ஒன்று, 1971 இல் இன்டெல் கொம்பனியில் டொவ் புரோமன் ஆக்கிய வகை. அதன் முதுகிற் குவார்ட்சுச் சாளரம் ஒன்று உண்டு. எழுதியதை அழிக்க அதனைக் கழற்றிப் புறஊதா ஒளியிற் சில நிமிடம் வைத்திருக்கவேண்டும். தோசிபா கொம்பனியின் பூஜியோ மசுவோக்கா 1984 இல் அறிவித்த பிளாஷ் நினைவகமோ மின்னாலேயே பகுதி பகுதியாக அழிவது. படப்பிடிப்புக் கருவியின் ஒளிவெட்டை நினைவூட்டியதால் அப்பெயர் பெற்றது. சைலிங்ஸும் பிளாஷும் ஓராண்டிற் பிறந்தும், சந்தையில் எவரும் வாங்கத்தக்க சாதாரணத் தொடர்நிலைப் பிளாஷ் துண்டிலிருந்து அக்கொம்பனியின் சாதனம் நேரே தன்னை அமைத்துக்கொள்வது 2005 இல் ஸ்பாட்டன்-3இ வரிசையுடனேயே கைகூடியது. அதற்குமுன் கொம்பனிகள் தாமே விற்ற விலை மிகுந்த தனி நினைவகங்களையே பெரும்பாலும் நாடவேண்டியிருந்தது.

மின் வந்ததும் நடப்பது இது: சாதனம் முதலில் தன் கலங்களைத் துடைக்கும், எங்கிருந்து படிப்பதென்பதைத் தன் முனைகள் சிலவற்றின் நிலையால் அறியும், பின் பிளாஷுக்குக் கடிகாரத் துடிப்பை அனுப்பித் தொடக்க முகவரியிலிருந்து படிக்கும். ஒத்திசைவுச் சொல்லைக் கண்ட பின்னரே வருவனவற்றைக் கட்டளையாகக் கொள்ளும். சரிபார்ப்பு எண் ஒவ்வாவிடின் இயங்க மறுக்கும். முன்னரே ஏற்பாடு செய்திருந்தால், பாதுகாப்பாக வைத்த பழைய பிரதியை நாடும்.

தமிழகத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை இந்தியத் தொழினுட்ப நிறுவகத்தில் வீ. காமகோடி தலைமையில் 2014 இல் தொடங்கிய 'சக்தி' நுண்செயலித் திட்டத்தின் வடிவங்களை, சிலிக்கனில் வார்க்காமலே, ஆர்ட்டி என்னும் பயிற்சிப் பலகையில் மாணவர் இயக்கிப் பார்க்கலாம். பலகையின் சிறிய வகையிலுள்ள சாதனத்தை அமைக்க 1 கோடியே 75 இலட்சம் பிட்கள் வேண்டும். கணினியிலிருந்து வடம் வழியே நேராக ஏற்றினால் மின் நிறுத்தும்வரையே சக்தி இருக்கும். பலகையிலுள்ள 16 மெகாபைட் பிளாஷில் எழுதினால் ஒவ்வொரு முறையும் தானே எழும்.

ஆயின் புறத்தே வைத்ததைப் பிறரும் எடுக்கலாம். பலகையைக் கையிற் கொண்டவர் பிளாஷைப் படித்து முழு வடிவத்தையும் பிரதி செய்துவிட முடியும். ஆகவே கொம்பனிகள் அதனை மறைகுறியாக்கின. 2020 இல் ஜேர்மனியின் போகும் நகர ஆய்வாளர் அம்மறைப்பையும் உடைத்தனர். ஆர்ட்டிப் பலகையிலுள்ள சாதனம் சேர்ந்த சைலிங்ஸ் 7 வரிசையும் அதில் அகப்பட்டது. மாற்றுப் பிரதியின் தொடக்க முகவரியை நினைவில் வைத்திருப்பதற்கென, மீள்தொடக்கத்திலும் அழியாத பதிவகம் ஒன்று அதனுள் இருந்தது. மறைநீக்கப்பட்ட தரவை அதற்குள் விழச்செய்து, மீள்தொடக்கத்தின் பின், ஒரு தடவைக்கு 32 பிட்டாக அவர்கள் படித்தெடுத்தனர். குறை சிலிக்கனிலேயே இருந்தமையால், விற்றுப்போன சாதனங்களில் அதனைத் திருத்த வழியில்லை.