கடல்மீன் தரமும் பதனிடலும்

கடல்மீன் தரமும் பதனிடலும் என்பது, பிடிக்கப்பட்ட மீன், இறால், நண்டு, கணவாய் முதலிய கடல் உணவுகள் உண்பவரைச் சென்றடையும் வரை கெடாமல் காக்கும் முறைகளையும், அவற்றின் தரத்தை அளக்கும் வழிகளையும் ஆராயும் மீன்வள அறிவியல் பிரிவு ஆகும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், குளிர்பதனப் பொறியியல், உணவுச் சட்டம் ஆகிய துறைகள் இதில் ஒன்று சேர்கின்றன. இந்தியாவில் இத்துறையின் முதன்மை ஆய்வு நிறுவனம், கொச்சியில் 1957 ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகும்.

இந்தியாவில் இத்துறை பெரிதும் ஏற்றுமதியை ஒட்டியே வளர்ந்தது. ஆயினும் இதன் அடிப்படைக் கேள்விகள் கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களுக்கும் அதே அளவு பொருந்துவன. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

புவியியல் பின்னணி

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 12 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளன. 1985 ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. கண்மாய்களில் பிடிக்கப்படும் கெண்டை, கெளுத்தி, விரால் போன்ற நன்னீர் மீன்கள் இப்பகுதியில் கிடைத்தாலும், கடல்மீன் வெளியிலிருந்தே வரவேண்டும்.

கிழக்கே தூத்துக்குடியும் மேற்கே கேரளத்தின் கொல்லமும் இப்பகுதிக்கு அண்மையில் உள்ள மீன்பிடித் துறைமுக நகரங்கள் ஆகும். இரண்டுமே இராஜபாளையத்திலிருந்து சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளன. திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லத்தில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 744 (பழைய எண் 208) திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. படகில் கழிந்த நேரம், துறைமுக ஏலத்தில் கழிந்த நேரம், சாலையில் கழிந்த நேரம், கடையில் காத்திருந்த நேரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே இவ்வூர்களில் விற்கப்படும் மீனின் உண்மையான வயது ஆகும்.

மீன் கெடும் விதம்

மீன் இறந்தபின் அதன் தசையில் மூன்று வகையான மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது தன்சிதைவு ஆகும். மீனின் உடலிலேயே உள்ள நொதிகள் தசையைச் சிதைக்கின்றன. தசையின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஐப்போசாந்தின் என்னும் கசப்புப் பொருளாகிறது. இச்சிதைவின் அளவைக் காட்டும் "கே மதிப்பு" 1959 இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்டது.

இரண்டாவது நுண்ணுயிர்களால் ஏற்படும் சிதைவு ஆகும். உயிருள்ள மீனின் தசையில் பாக்டீரியாக்கள் பொதுவாக இருப்பதில்லை. தோல், செவுள், குடல் ஆகியவற்றில் உள்ள பாக்டீரியாக்கள், மீன் இறந்தபின் தசைக்குள் பரவுகின்றன. கடல்மீன்களில் இயல்பாக உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்னும் மணமற்ற பொருளை அவை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. பழைய மீனின் "மீன்வாடை" பெரும்பாலும் இதனால் ஏற்படுவதாகும்.

மூன்றாவது கொழுப்பு ஆக்சிசனேற்றம் அடைந்து சிக்கலெடுப்பது ஆகும். சாளை, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் இது விரைவாக நிகழும்.

கெட்ட மீன் சுவை குன்றுவதோடு நின்றுவிடுவதில்லை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை முதலிய மீன்களின் தசையில் இசுட்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. வெப்பத்தில் கிடக்கும் மீனில் சில பாக்டீரியாக்கள் இதனை இசுட்டமின் ஆக மாற்றுகின்றன. இதை உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, தோல் தடிப்பு, படபடப்பு ஆகியவை ஏற்படலாம். இசுட்டமின் சமைப்பதால் அழிவதில்லை, உறையவைப்பதாலும் அழிவதில்லை. எனவே இதனைத் தடுக்க இயலுமேயன்றி, உருவானபின் நீக்க இயலாது. பன்னாட்டு உணவுச் சட்டத் தொகுப்பான கோடெக்ஸ், இவ்வகை மீன்களில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் இசுட்டமினைப் பாதுகாப்பு வரம்பாகக் கொண்டுள்ளது.

பனிக்கட்டியும் வெப்பநிலையும்

மீன் கெடும் வேகத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி வெப்பநிலை ஆகும். குளிர்நீர் மீன்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஓர் எளிய சமன்பாட்டின்படி, 0 பாகை செல்சியசில் கெடும் வேகத்தை 1 எனக் கொண்டால், வேறொரு வெப்பநிலையில் கெடும் வேகம் பின்வருமாறு அமையும்:

சார்பு வேகம் = (1 + 0.1 × வெப்பநிலை)²

இதன்படி 5 பாகையில் மீன் 2.25 மடங்கும், 10 பாகையில் 4 மடங்கும் விரைவாகக் கெடும். அதாவது 10 பாகையில் அரை நாள் கிடந்த மீன், பனிக்கட்டியில் இரண்டு நாள் இருந்த மீனுக்குச் சமமாகும். வெப்பமண்டல மீன்களுக்கு இக்கணக்கு தோராயமானதே எனினும், இழந்த நேரத்தைப் பிற்பாடு குளிர்விப்பதால் மீட்க இயலாது என்னும் அடிப்படை மாறுவதில்லை.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை உள்வாங்குகிறது. 30 பாகையில் உள்ள ஒரு கிலோ மீனை 0 பாகைக்குக் குளிர்விக்கச் சுமார் 25 கிலோகலோரி வெப்பத்தை நீக்கவேண்டும். ஆகவே வெறும் குளிர்விப்புக்கு ஏறக்குறைய 320 கிராம் பனிக்கட்டி போதுமானது. எனினும் பெட்டியின் சுவர் வழியாகவும், மூடியைத் திறக்கும்போதும் வெப்பம் தொடர்ந்து உள்ளே வருவதால், வெப்பமண்டலப் பகுதிகளில் மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. பனிக்கட்டியைப் பொடியாக்கி, மீனும் பனிக்கட்டியும் மாறிமாறி வரும் அடுக்குகளாக இடவேண்டும். உருகிய நீர் வடிய வழியும் வேண்டும். உருகும் நீர் மீனின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியாக்களைக் கழுவிச் செல்வது பனிக்கட்டியின் கூடுதல் நன்மையாகும்.

பிடித்தவுடன் முறையாகப் பனிக்கட்டியில் இடப்பட்ட வெப்பமண்டல மீன்கள் பல, இரண்டு வாரங்களுக்கு மேலும் உண்ணத் தகுந்த நிலையில் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வெப்பமான நீரில் வாழும் மீன்களின் உடலில் உள்ள பாக்டீரியாக்கள், 0 பாகைக் குளிரில் வளரத் தடுமாறுவது இதற்கு ஒரு காரணமாகும். எனவே துறைமுகத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள இராஜபாளையம் போன்ற ஊருக்கு நல்ல மீன் வந்துசேர்வதற்குத் தொலைவு தடையன்று. பனிக்கட்டியின் அளவும் அது இடப்பட்ட நேரமுமே முடிவு செய்கின்றன.

உப்பிடலும் உலர்த்தலும்

பனிக்கட்டித் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னர், கடல்மீன் உள்நாட்டு ஊர்களைக் கருவாடாகவே பெரிதும் சென்றடைந்தது. கருவாட்டின் அடிப்படை, மீனில் உள்ள நீரை நுண்ணுயிர்கள் பயன்படுத்த இயலாதவாறு செய்வதாகும். இதனை அளக்கும் அலகு "நீர்ச்செயற்பாடு" எனப்படும். தூய நீரின் நீர்ச்செயற்பாடு 1 ஆகும். பெரும்பாலான கெடுக்கும் பாக்டீரியாக்கள் 0.91 க்குக் கீழ் வளர்வதில்லை. உப்பு முழுமையாகச் செறிந்த கரைசலின் நீர்ச்செயற்பாடு ஏறக்குறைய 0.75 ஆகும். பாலைச் சுண்டவைத்துச் சர்க்கரை சேர்க்கும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இதே தத்துவத்தாலேயே பாலைவிட நெடுநேரம் கெடாமல் இருக்கிறது. அங்கு உப்பின் பணியைச் சர்க்கரை செய்கிறது.

உப்பின் தூய்மை கருவாட்டின் தரத்தைப் பாதிக்கிறது. கடலுப்பில் கலந்துள்ள கால்சியம் உப்பு மீனுக்குள் ஊடுருவும் வேகத்தைக் குறைக்கிறது. மக்னீசியம் கசப்பையும், காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கும் தன்மையையும் தருகிறது. உப்பை விரும்பி வாழும் சில நுண்ணுயிர்கள் கருவாட்டில் செந்நிறப் படலத்தை உண்டாக்குகின்றன. ஒருவகைப் பூஞ்சை பழுப்புப் புள்ளிகளை ஏற்படுத்துகிறது. ஈக்களின் புழுக்களும் கருவாட்டு வண்டுகளும் பெரும் இழப்பை விளைவிக்கின்றன.

தென் தமிழ்நாட்டுக் கடற்கரையில், உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுற்றி மணற்குழியில் இரண்டு மூன்று நாட்கள் புதைத்துப் பதப்படுத்தும் முறையும் வழக்கில் இருந்தது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல் உலர்த்திச் செய்யப்படும் மாசி, இலட்சத்தீவுகளிலும் மாலத்தீவிலும் உருவான பதனப்பொருள் ஆகும்.

வெறும் மணலில் உலர்த்தும் முறைக்கு மாற்றாக உயர்த்தப்பட்ட தட்டிகள், சூரிய உலர்த்திகள், மழைக்காலத்தில் எரிவாயு அல்லது மின்சாரத் துணையுடன் இயங்கும் கலப்பு உலர்த்திகள் ஆகியவற்றை மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ளது.

ஆய்வும் ஏற்றுமதியும்

1952 இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம், கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகளையும் பனிக்கட்டி உற்பத்தியையும் அறிமுகப்படுத்தியது. 1953 இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. அதன்பின் பதனிடல் ஆய்வு பெரிதும் ஏற்றுமதியின் தேவைகளைத் தொடர்ந்தது. 1972 இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்தியாவின் முதல் மீன்வளக் கல்லூரி 1969 இல் மங்களூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் மீன்வளக் கல்லூரி 1977 இல் தூத்துக்குடியில் அமைந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய இக்கல்லூரி, பின்னர் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழும், 2012 இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழும் வந்தது.

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், பதனிடும் ஆலைகளின் தூய்மைக் குறைபாடுகளைக் காரணம் காட்டி இந்தியக் கடல் உணவு இறக்குமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில், கடல் உணவு ஆலைகள் இடர்ப்பகுப்பு மற்றும் முக்கியக் கட்டுப்பாட்டு முறையைப் பின்பற்றவேண்டும் என்னும் அமெரிக்க விதியும் நடைமுறைக்கு வந்தது. "ஹசாப்" என வழங்கும் இம்முறை, முடிவில் கிடைத்த பொருளைச் சோதிப்பதோடு நில்லாமல், இடர் தோன்றக்கூடிய ஒவ்வொரு படிநிலையையும் கண்காணித்துப் பதிவுசெய்வதாகும். இந்திய ஏற்றுமதி ஆலைகள் இதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன.

இம்மாற்றம் உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் மீனுக்கு அதே அளவில் நிகழவில்லை. ஒரே துறைமுகத்தில் இறங்கிய இறால், ஏற்றுமதி ஆலைக்குச் சென்றால் வெப்பநிலைப் பதிவேட்டுடன் செல்கிறது. உள்ளூர்ச் சந்தைக்குச் சென்றால் பெரும்பாலும் அத்தகைய பதிவு ஏதுமின்றிச் செல்கிறது.

ஃபார்மலின் சிக்கல்

ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிகைடு வாயுவின் நீர்க்கரைசல் ஆகும். உயிரியல் மாதிரிகளையும் சடலங்களையும் பாதுகாக்க இது பயன்படுகிறது. ஃபார்மால்டிகைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வகைப்படுத்தியது. இந்தியாவில் மீனில் இதனைச் சேர்க்க அனுமதி இல்லை.

2018 சனவரியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனில் ஃபார்மால்டிகைடையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் கண்டறியும் தாள்பட்டைச் சோதனைப் பெட்டிகளை வெளியிட்டது. கேரள உணவுப் பாதுகாப்புத் துறை "ஆபரேஷன் சாகர் ராணி" என்னும் பெயரில் நடத்திய சோதனைகளில் இவை பயன்பட்டன. 2018 சூன் இறுதியில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஃபார்மலின் கலந்த மீனும் இறாலுமாக 9 டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு பிடிபட்டது. அவ்வேளையில் கேரளத்தில் விசைப்படகுத் தடைக்காலம் நடப்பில் இருந்தது. கிழக்குக் கடற்கரையின் தடைக்காலம் சூன் 14 உடன் முடிந்திருந்தது. எனவே மீன் கிழக்கிலிருந்து மேற்கே நெடுந்தொலைவு சென்றது. 2018 சூலையில் அசாம், கோவா ஆகிய மாநிலங்களும் வெளிமாநில மீன் வரத்தைத் தற்காலிகமாகத் தடைசெய்தன.

ஆரியங்காவு, திருவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் கடந்துசெல்லும் அதே நெடுஞ்சாலையில் உள்ளது. எல்லையைக் கடக்கும் மீனைச் சாவடியில் நிறுத்திச் சோதிக்க இயலும். எல்லைக்கு இப்பால் உள்ள ஊர்களில் இறங்கும் மீன் அவ்வாறான சாவடி எதையும் கடப்பதில்லை. அதைச் சோதிக்கும் பொறுப்பு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைச் சார்ந்தது.

சோதனை முடிவுகளைக் கவனமாகப் பொருள்கொள்ள வேண்டும். டிரைமெத்திலமைன் ஆக்சைடு சிதையும்போது சிறிதளவு ஃபார்மால்டிகைடு இயற்கையாகவே உருவாகும். தும்பிலி போன்ற சில மீன்களில், குறிப்பாக உறைநிலையில் சேமிக்கும்போது, இது மிகுதியாகக் காணப்படும். ஆகவே ஐயத்துக்குரிய மாதிரிகளை ஆய்வகத்தில் அளவறி சோதனைக்கு உட்படுத்துவது இன்றியமையாதது.

தரத்தை அறிதல்

ஆய்வகங்களில் மொத்த எளிதில் ஆவியாகும் கார நைட்ரசன், டிரைமெத்திலமைன், கே மதிப்பு, இசுட்டமின், பாக்டீரியா எண்ணிக்கை ஆகியவை அளக்கப்படுகின்றன. நுகர்வோர் புலன்களால் அறியக்கூடிய குறிகள் பின்வருமாறு:

* கண்: புது மீனில் தெளிந்து புடைத்திருக்கும், பழைய மீனில் மங்கிக் குழிந்திருக்கும்.
* செவுள்: புது மீனில் செந்நிறம், பழையதில் பழுப்பு நிறமும் வழவழப்பும்.
* தசை: விரலால் அழுத்தினால் புது மீனில் குழி உடனே மறையும்.
* மணம்: புது மீனில் கடல்நீர் அல்லது கடற்பாசி மணம், பழையதில் கார நெடி.

இக்குறிகளுக்கு வரம்பு உண்டு. ஃபார்மலின் தசையை விறைப்பாக்குவதோடு நாற்றத்தையும் குறைப்பதால், தசை, மணம் ஆகிய இரு குறிகளும் ஏமாற்றக்கூடும். இசுட்டமினுக்கு நிறமோ மணமோ இல்லை. கடைமுனையில் கண்ணால் பார்ப்பது, படகில் தொடங்கிக் கடை வரை அறுபடாத குளிர்ச் சங்கிலிக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

* கருவாடு
* மாசி
* குளிர்ச் சங்கிலி
* மீன்பிடித் தடைக்காலம்
* மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம்