நீலக் கலமும் சிறைப்பட்ட கைகளும்

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள மலையூர் அரித்தா. அந்நாட்டின் முதற்பீங்கான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குதான் உருவாயிற்று. அருகிலிருந்த துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால், ‘இமாரி’ என்ற துறைமுகப் பெயரே கலங்களுக்கும் நிலைத்தது.

தொடக்ககால இமாரிக் கலங்களில் ஆடம்பரம் இல்லை. சுடாத பச்சைக் கலத்தின்மீது கோபால்ட் நீலத்தால் வரைந்து, பளபளப்பூட்டும் கரைசலில் தோய்த்து, ஒரே முறை சூளையிலிட்டனர். பாயும் முயல், ஒற்றைக் கொக்கு, புற்கொத்து, நிலவு, மலையும் நீரும் ஆகியவை சில கோடுகளில் உயிர்பெற்றன. சுற்றிலும் வெண்மை அமைதியாக விரிந்தது. தோய்க்கும்போது பிடித்த விரல்களின் சுவடு சில கலங்களின் அடியில் இன்றும் தெரிகிறது.

அவ்விரல்கள் யாருடையவை? 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. திரும்பிய தலைவர்கள் குயவர்களையும் சிறைப்பிடித்து வந்தனர். அவ்வாறு வந்த யீ சாம்-பியோங் 1616இல் இசுமியாமா மலையில் பீங்கானுக்குரிய வெண்கல்லைக் கண்டறிந்தார் என்பது அரித்தாவின் மரபு. எருசலேமை வென்ற நெபுகத்னேசர் கைவினைஞரைக் கொண்டுசென்றதை அரசர்கள் நூலில் வாசிக்கிறோம். வென்றவர்களின் வழக்கம் மாறவில்லை.

நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. கொரியாவில் முதற்படையை நடத்திச் சென்ற கொனிஷி யுகினாகா, அகுஸ்தீன் எனத் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். அவருடைய வீரர்களுக்கு அருளடையாளங்கள் வழங்க 1593இல் சேசு சபைக் குரு செஸ்பெதஸ் கொரியா சென்றார். அதே ஹிதேயோஷியின் ஆணையால்தான் 1597இல் நாகசாகியில் 26 மறைசாட்சியர் சிலுவையில் உயிர் நீத்தனர். அவர்களுள் நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். ஒரே கொற்றவனின் கீழ் கிறிஸ்தவர் சிலர் வாளேந்தினர். சிலர் வாளுக்கு இரையாயினர்.

ஆயினும் சிறைப்பட்ட கொரியர் பலர் ஜப்பானில் திருமுழுக்குப் பெற்றனர். குழந்தையாகக் கொனிஷியின் இல்லம் சேர்ந்த ஜூலியா ஓத்தா, விசுவாசத்தைக் கைவிட மறுத்து 1612இல் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1614இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. ஆலயங்கள் இடிந்த அதே ஆண்டுகளில்தான் அரித்தாவின் சூளைகள் எரியத் தொடங்கின.

இக்கலங்களின் உருவங்கள் பல சீன ஓவியச் சாயல் கொண்டவை. ஆகவே முயலிலும் கொக்கிலும் தாயக ஏக்கத்தைத் தேடுவது வரலாறாகாது. விரற்சுவடோ கற்பனையன்று. பெயரை வரலாறு மறந்த மனிதனைக் களிமண் மறக்கவில்லை. மறைசாட்சியரைப் பெருமையோடு நினைக்கும் நாம், நம்மவர் நடத்திய போரில் சிறைப்பட்டோரையும் தாழ்மையோடு நினைவுகூர்வோம். பெருமையோடு தாழ்மையும் சேர்ந்தால்தான் நம் நினைவு செபமாகும்.