விதியா? விடை கூறுக!

திருமங்கலத்துக் கரிசல் மண்ணிலிருந்து படைக்குச் செல்லும் இளைஞனை, நலமுடையோன் என மருத்துவர் சான்றளித்த பின்னரே ஏற்கின்றனர். உழைத்து நோயுற்றபின், “அது உன் உடலின் இயல்பு” என்று கைவிரித்தால்? தலைவிதி என்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

வடபுலச் சிப்பாய் தரம்வீர் சிங் இதனைக் கேட்டார். 1985இல் படையிற் சேர்ந்தார். வலிப்புநோயால் 1994இல் விலக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு. ஊன ஓய்வூதியத்துக்குப் போதுமான அளவு. ஆயினும் மருத்துவக்குழு, பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது, காரணம் உரைக்கவில்லை!

2013இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அன்றைய விதிகளின்படி, சேர்க்கையின்போது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததெனவே கொள்ளப்படும், மறுப்போரே மெய்ப்பிக்க வேண்டும்.

நோயுற்ற வீரன் வேண்டுவது இரக்கமன்று, உரிமை! தோழர்களே, மருத்துவக்குழுவின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவோம்; காரணம் வினவுவோம். மறுப்பின், சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டுவோம்.