இலவசக் குடையும் பொருளாதாரப் பாடமும்

எங்க வீட்டுப் பொடிசு சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தா. "போட்டி இருந்தால் விலை குறையும். விலை குறைந்தால் நுகர்வோருக்கு நன்மை." பொருளாதாரப் பாடமாம். அதே பையில் இருக்கிற வரலாற்றுப் பாடத்தில் வ.உ.சி. கப்பல் விட்ட கதை. ரெண்டும் ஒரே பாடம்தான்னு அவளுக்கு யாரும் சொல்லலை. இத்தனைக்கும் அந்தக் கதைக்கு மதுரையிலேயே ரெண்டு விலாசம் இருக்கு!

முதல் விலாசம் தமிழ்ச் சங்கம் ரோடு. 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தான், 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குத் தலைவர். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

ரெண்டாவது விலாசம் திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டி. மதுரா மில் தொழிலாளிகளுக்காக உருவான ஊர். பேர்ல இருக்கிற ஹார்வி, அந்த மில்லை நடத்திய ஸ்காட்லாந்துக் குடும்பம். தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்ட்டும் இவங்க கம்பெனிதான். அங்கே கோரல் மில்லும் இவங்களோடதுதான்.

சரி, சண்டைக்கு வருவோம். சுதேசிக் கப்பல் கொழும்புக்கு ஓட ஆரம்பிச்சதும் வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சது. ஒரு ரூபாய் வரைக்கும் வந்தது. இவங்க அரை ரூபாய்னாங்க. உடனே அவங்க, காசே வேண்டாம், கூடவே ஒரு குடையும் தர்றோம்னாங்க. எங்க வீட்டுப் பாடப்படி பார்த்தா நுகர்வோருக்கு இதைவிட நன்மை உண்டா? :-)

இங்கேதான் சூட்சுமம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எத்தனையோ துறைமுகங்களுக்குக் கப்பல் ஓடிச்சு. கொழும்பு வழியில் விட்ட காசை மற்ற வழிகளில் எடுத்துக்கலாம். சுதேசிக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். இதில் யார் கப்பல் நல்லா ஓடுதுங்கிறது கேள்வியே இல்லை. யாரால் அதிக நாள் நஷ்டம் தாங்க முடியும்ங்கிறதுதான் கேள்வி.

அப்படியும் சும்மா விடலை. 1908 பிப்ரவரிக் கடைசியில் கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தி, கூலியையும் உயர்த்த வச்சார். மார்ச் 12-ல் கைது. ஜூலையில் ரெட்டை ஆயுள் தண்டனை (பிறகு குறைக்கப்பட்டது). 1911-ல் கம்பெனியைக் கலைச்சாங்க. அதே வருஷம் பாண்டித்துரைத் தேவரும் காலமானார். 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தப்போ கப்பலும் இல்லை, சொத்தும் இல்லை. போட்டியில் நடுவராக இருக்க வேண்டிய அரசாங்கமே ஒரு பக்கம் ஆடினா வேற என்ன நடக்கும்?

இந்தியாவின் போட்டிச் சட்டம், 2002 இந்தக் குடை வித்தையைத் தப்புன்னு சொல்லுது. சந்தையில் ஆதிக்கம் உள்ள கம்பெனி, எதிராளியை ஒழிக்கிறதுக்காக அடக்க விலைக்கும் கீழே விற்கக் கூடாது. சட்டம் வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடிப்போச்சு.

இன்னிக்குக் கீழமாசி வீதி மளிகைக்கடைக்காரர் ஒரு பக்கம், செல்போன் ஆப்பில் வர்ற 'டெலிவரி இலவசம்' இன்னொரு பக்கம். இலவசம்னா வாங்கத்தான் செய்வோம், நானும்தான். ஆனா பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டு வரியோட மூணு கேள்வியும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும். விலையைக் குறைக்கிறது யாரு? யார் காசுல? எதிர்க்கடை மூடின பிறகு விலை என்ன ஆகும்?

உங்க ஊர்லயும் இப்படி ஒரு 'குடை' கதை இருந்தா சொல்லுங்க மக்கா.