லிவர்மோர் மின்குமிழும் சூடேறாத கையுறையும்



லிவர்மோர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சிவா விஷ்ணு ஆலயம்தான். 1986இல் கும்பாபிஷேகம் கண்ட அந்தக் கோயிலுக்குப் போய்வருகிற பலர், அதே ஊரில் ஈஸ்ட் அவெனியூவில் இருக்கும் தீயணைப்பு நிலையத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1901இல் ஏற்றிய மின்குமிழ் ஒன்று அங்கே எரிகிறது. ஒஹையோவில் ஷெல்பி கம்பனி செய்தது. உள்ளே கரி இழை. இப்போது அதன் வெளிச்சம் ஏறக்குறைய 4 வாற், வீட்டு இராவிளக்கு மாதிரி.

2013 மே மாதத்தில் ஓரிரவு அது அணைந்துபோனது. 112 வருடக் குமிழின் ஆயுள் முடிந்தது என்றே நினைத்தார்கள். மறுநாள் காலை மின்வேலைக்காரர் வந்து, இடையில் பூட்டியிருந்த காப்பு மின்வழங்கியை விலக்கி நேரே மின்சாரம் கொடுத்தார். குமிழ் எரிந்தது. பழுதானது, அதைக் காப்பதற்கென்று வைத்த பெட்டி!

மாரிகால விடியலில் ட்ரேசி பக்கமிருந்து அல்டமொன்ட் கணவாயைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். காற்றாலைகள் நிற்கும் இடம். காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? விரல் விறைத்தால் பிறேக் பிடிக்கப் பிந்தும். மின்சாரத்தில் சூடேறும் கையுறை ஆடம்பரமல்ல. ஆனால் அது ஒருநாள் சூடேறாவிட்டால், கையுறை செத்துவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள்.

இந்தக் கையுறை முதலில் விமானிகளுக்கென்று வந்தது. முதலாம் உலகப்போரிலேயே சூடேற்றும் உடைகள் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில், சைபருக்குக் கீழே 40 பாகைக் குளிரில் துவக்கு பிடித்தவர்களின் கைகள் பனியில் கருகின. அவர்களுக்குக் கொடுத்த 24 வோல்ற் எஃப்-1 உடையில் சட்டை, கையுறை, சப்பாத்து எல்லாம் ஒரே தொடரில் கோத்த கம்பி. மணிக்கட்டில் கம்பி அறுந்தால் முழு உடையும் குளிர்ந்துவிடும். எங்கே அறுந்தது என்றும் தெரியாது. பின்வந்த உடைகளில் கிளை கிளையாகப் பிரித்தார்கள். 1970களில் வாஷிங்டன் மாநிலத்தில் கோர்டன் கெர்பிங் என்பவர் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பற்றரியிலிருந்து உடையைச் சூடேற்றி விற்கத் தொடங்கினார்.

அந்தக் கிளை முறைதான் இன்று பழுது பார்க்கிறவருக்குக் கைகொடுக்கிறது. ஒரு கை சூடு, மறு கை குளிர் என்றால் பற்றரியும் பிரதான பியூசும் சரி. இரண்டு கையுறைகளின் பிளக்கையும் மாற்றிக் குத்திப் பாருங்கள். குளிர் மற்றக் கைக்குப் போனால் வயரில்தான் பிழை. அதே கையுறையோடு நின்றால் மட்டுமே கையுறையைச் சந்தேகியுங்கள்; மல்ரிமீற்றரில் தடை முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் மணிக்கட்டு மடியும் இடம்தான். இரண்டும் குளிர் என்றால் பியூஸ், சுவிச், பற்றரி முனை. இரண்டும் இளஞ்சூடு என்றால் வோல்ற் குறைவு; பழைய மோட்டார் சைக்கிள் வெறுமனே நின்று இயங்கும்போது அப்படித்தான். கையுறைக்குள்ளேயே லித்தியம் பற்றரி உள்ள வகையில், குளிரில் பற்றரியின் பலம் குறையும். அதை இரவில் கராஜில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

எங்களுக்கு இது புதிய வித்தையா? 90களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். வானொலி பேசாவிட்டால் வானொலியையா கழற்றினோம்? டைனமோ சில்லில் முட்டுகிறதா, வயர் கழன்றதா என்றுதானே முதலில் பார்த்தோம்!

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கையுறையில் ஓரிடம் மாத்திரம் சுட்டால், அல்லது பற்றரி ஊதியிருந்தால், உடனே கழற்றுங்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள்.