பீரங்கி எழுத்துகளும் அரக்கு வண்ணமும்

பழைய பீரங்கி, துப்பாக்கி ஆகியவற்றில் வெட்டப்பட்ட எழுத்துகளுக்குள் அரக்கு அல்லது எனாமல் வண்ணத்தை நிரப்பித் துலக்கும் பழக்கம் உண்டு. வண்ணத்தை எழுத்தின் மேல் தடவி, பரப்பில் படிந்ததைத் துணியால் துடைத்தால், வெட்டுக்குள் மட்டும் அது தங்கும். எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் தெரிவது பழைய எழுத்துதானா என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

கடலூர்ப் பகுதியில் பீரங்கிகள்

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. அதுவே புனித டேவிட் கோட்டை. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவிலுள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேர்ந்தன. அவை 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. 1758இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1781 ஜூனில், ஹைதர் அலியின் படையினர் காத்து நின்ற சிதம்பரம் கோயிலைத் தாக்கிய அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் வென்றார். இப்படிப் பல படைகள் மோதிய மண்ணில், ஓர் ஆயுதம் யாருடையது என்று அறிய அதன் மேலுள்ள எழுத்தும் முத்திரையும் முதன்மையான சான்றுகள்.

எழுத்துகள் தரும் செய்தி

கம்பெனியின் பழைய துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரையைக் காணலாம். ஆங்கிலேயப் பீரங்கிகளில் அரச முத்திரையுடன் எடையும் மூன்று எண்களாக வெட்டப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 20–2–14 என்றால் 20 அந்தர், 2 கால் அந்தர், 14 பவுண்டு. ஓர் அந்தர் 112 பவுண்டு; கால் அந்தர் 28 பவுண்டு. மொத்தம் 2310 பவுண்டு, அதாவது சுமார் 1048 கிலோ.

நடு எண் 3க்கு மேல் போகாது. அங்கே தேய்ந்த 3ஐ வண்ணக்காரர் 8 ஆக்கினால் பிழை உடனே புலப்படும். முதல் எண்ணில் 23ஐ 28 ஆக்கினாலோ, எடை 254 கிலோ கூடிவிடும். எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஐயமே எழாது. துருவும் பழைய பூச்சும் அடைத்த எழுத்தில் வண்ணம் தீட்டுபவர், தம் ஊகத்தையே எழுதுகிறார்.

கல்வெட்டு காட்டும் வழி

சிதம்பரம் கோயிலில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காம்போச மன்னன் அளித்த கல்லைக் குறிப்பிடுகிறது. இத்தகைய கல்வெட்டுகளை அறிஞர் மைப்படி எடுத்துப் படிக்கின்றனர். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, தாளின் மேல் மை ஒற்றுவர். மை தாளில் படும்; கல்லில் படாது.

இரும்புக்கு ஈரம் ஆகாது. ஆகவே டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுக்கலாம். உலர்ந்த மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் படி எடுக்கலாம். பார்வையாளருக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால், அந்தப் படியில் வண்ணம் தீட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும். படியில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். மூலம் மாறாமல் இருக்கும்.